ஒரு ஹாக்கி டீமை எந்த ஊர்ல வைக்கலாம்? சென்னை, ரூர்கேலா, கோவில்பட்டி: ஒரு வரலாற்று இழை

1/
ஒரு புது ஹாக்கி டீம் ஆரம்பிக்கிறோம், இல்ல இருக்கிற டீமை வேற ஊருக்கு மாத்துறோம்னு வைங்க. எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கணும்? தமிழ்நாட்டுல பெரும்பாலானவங்க யோசிக்காம சென்னைன்னு சொல்லுவாங்க. தூத்துக்குடி மாவட்டத்துல கேட்டா இன்னொரு பேரும் வரும்: கோவில்பட்டி.

2/
இது சும்மா ஊர்ப்பெருமைக்கான கேள்வி இல்ல. இந்தியாவுல தொழில்முறை ஹாக்கி லீக் 2005லேர்ந்து மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் நின்னு போச்சு. இப்போ ஓடுறது நாலாவது முயற்சி. டீம்களை எந்த ஊர்ல வெச்சாங்க, ஏன் வெச்சாங்கங்கிறதுல அந்தத் தோல்விக்கான காரணம் பாதியாவது இருக்குன்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

3/
மருத்துவத்துறையில ஒரு ஆஸ்பத்திரிய எங்க கட்டணும்னு முடிவு பண்ண நாலு கேள்வி உண்டு. நோயாளிகள் எங்க இருக்காங்க? வேலை பாக்க ஆள் வருவாங்களா? வந்து போக வசதி இருக்கா? வருஷா வருஷம் செலவுக்குப் பணம் யார் தருவாங்க? கட்டடம் கட்டுறது சுலபம். இருபது வருஷம் நடத்துறதுதான் கஷ்டம். ஹாக்கி டீமுக்கும் இதே நாலு கேள்விதான்.

4/
முதல்ல வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு. அமெரிக்கா, கனடாவுல ஹாக்கின்னா ஐஸ் ஹாக்கி. அங்க டீம் ஊர் மாறுறது சகஜம். கனடாவுல வின்னிபெக்னு உறைபனி ஊர். ஐஸ் ஹாக்கின்னா உசுர விடுற ஜனம். 1996ல அந்த ஊர் டீமை அப்படியே தூக்கி அமெரிக்காவோட பாலைவன ஊரான ஃபீனிக்ஸுக்குக் கொண்டு போனாங்க. ஏன்? ஃபீனிக்ஸ் பெரிய ஊர், பெரிய டிவி சந்தை.

5/
என்ன ஆச்சு? அந்த டீம் பல வருஷம் நஷ்டத்துல தடுமாறுச்சு. கடைசியில சொந்த அரங்கமே இல்லாம, சுமார் 5,000 பேர் உக்காரக்கூடிய ஒரு பல்கலைக்கழக அரங்கத்துல ஆடுற நிலைமை. 2024ல ஃபீனிக்ஸை விட்டு சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருச்சு. வின்னிபெக்குக்கு 2011லயே வேற ஒரு டீம், அட்லாண்டாவுலேர்ந்து, வந்து சேர்ந்துச்சு. அந்தச் சின்ன ஊர்ல அது இன்னிக்கும் ஆடுது.

6/
இப்போ நம்ம ஹாக்கிக்கு வருவோம். 2005ல பிரீமியர் ஹாக்கி லீக் ஆரம்பிச்சாங்க. ஐபிஎல் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி! சென்னைக்கு "சென்னை வீரன்ஸ்"னு ஒரு டீம் இருந்துச்சு. ஆனா முதல் சீசன் மேட்ச் எல்லாம் ஹைதராபாத்துலதான். பேர்ல மட்டும் ஊர், ஆட்டம் வேற ஊர்ல. கோப்பையும் ஹைதராபாத் சுல்தான்ஸுக்கே.

7/
2008ல அந்த லீக் நின்னுச்சு. அதே வருஷம்தான் இந்திய ஆண்கள் அணி முதல் தடவையா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாம போச்சு. எட்டு தங்கம் ஜெயிச்ச நாடு, பெய்ஜிங் ஒலிம்பிக்கை வீட்ல உக்காந்து டிவில பாத்துச்சு.

8/
2012ல வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்துச்சு. எட்டு டீம். நம்ம டீம் பேர் "சென்னை சீட்டாஸ்". இந்தத் தடவை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துலயே ஆடினாங்க. ஆனா ஒரே ஒரு சீசன். ஹாக்கியை நிர்வகிக்கிற உரிமை யாருக்குன்னு ரெண்டு அமைப்புகளுக்கு நடுவுல நடந்த சண்டையில அதுவும் போச்சு.

9/
2013ல ஹாக்கி இந்தியா லீக். டெல்லி, மும்பை, பஞ்சாப், ராஞ்சி, உத்தரப் பிரதேசம்னு அஞ்சு டீம். தமிழ்நாட்டுக்கு டீமே இல்ல. அடுத்த வருஷம் ஒடிசாவோட கலிங்கா லான்சர்ஸ் சேர்ந்துச்சு. 2017 சீசனோட இந்த லீக்கும் நின்னு, 2024 டிசம்பர்லதான் திரும்ப உயிர் வந்துச்சு.

10/
இதுல ராஞ்சியக் கவனிங்க. ராஞ்சி ரைனோஸ் 2013ல கோப்பை ஜெயிச்சாங்க. அப்புறம் உரிமையாளர்களுக்கும் லீக்குக்கும் ஒத்து வராம டீம் வெளியேறிருச்சு. உடனே வேற உரிமையாளர்கள் வந்து ராஞ்சி ரேஸ்னு புது டீம் ஆரம்பிச்சாங்க. தோனியும் அதுல ஒரு பங்குதாரர். 2015ல அவங்களும் சாம்பியன்! 2026 சீசன்ல திரும்ப ராஞ்சி ராயல்ஸ்.

11/
உரிமையாளர் மாறுறாங்க, பேர் மாறுது, ஊர் மட்டும் மாறல. ஏன்னா அந்தப் பகுதியில ஹாக்கி வேர் பிடிச்சிருக்கு. 1928ல முதல் ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்ச அணியோட கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா ராஞ்சிக்குப் பக்கத்து குந்தி பகுதிக்காரர். அங்க கிராமத்துப் பிள்ளைங்க கையில மூங்கில் கட்டை இருந்தாலும் அது ஹாக்கி மட்டைதான்.

12/
அடுத்து ரூர்கேலா. ஒடிசாவுல சுந்தர்கர் மாவட்டத்துல இருக்கிற ஸ்டீல் ஊர். திலீப் திர்க்கி, அமித் ரோஹிதாஸ் எல்லாம் அந்த மாவட்டம்தான். மாநகரம்னு சொல்ற அளவு இல்ல, பெரிய டிவி சந்தையும் இல்ல. ஆனா 2023 உலகக்கோப்பைக்கு ஒடிசா அரசு அங்க 20,000 பேருக்கு மேல உக்காரக்கூடிய பிர்சா முண்டா ஸ்டேடியத்தைக் கட்டுச்சு. சுமார் 15 மாசத்துல!

13/
2024–25 லீக்ல ஆண்கள் மேட்ச் பெரும்பாலும் அங்கதான். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் அரையிறுதி வரைக்கும் போனாங்க, ஆனா அத்தனையும் வெளியூர்ல. தமிழ்நாட்டு மண்ணுல ஒரு மேட்ச் கூட இல்ல. 2026 ஜனவரியிலதான் சென்னையில ஆட்டம் நடந்துச்சு. விசாகப்பட்டினத்துக்காக வந்த கோனாசிகா டீம் ஒரே சீசனோட காணோம். யு.பி. ருத்ராஸும் விலகிருச்சு.

14/
இருபது வருஷத்துல திரும்பத் திரும்ப நடந்தது இதுதான்: பணத்தைப் பாத்து ஊரைத் தேர்ந்தெடுத்த இடத்துல டீம் கரைஞ்சு போச்சு. ஆட்டக்காரங்க பிறக்குற மண்ணும் பணமும் ஒரே இடத்துல சேர்ந்தப்போ டீம் நின்னுச்சு. மண் மட்டும் போதாது. பணம் மட்டும் இருந்தாலும் போதாது.

15/
சென்னையோட உரிமையை யாரும் மறுக்க முடியாது. எம்.சி.சி. ஹாக்கிப் போட்டி 1901ல ஆரம்பிச்சது. 1996, 2005 சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி எல்லாம் எழும்பூர்ல. 1980 மாஸ்கோ தங்க அணியோட கேப்டன் வி. பாஸ்கரன் நம்ம ஆளு. ஸ்டேடியம், ஓட்டல், விமானம், ஸ்பான்சர், எல்லாமே அங்க இருக்கு.

16/
ஆனா 2023ல எழும்பூர்ல கோப்பை ஜெயிச்ச அந்த இந்திய அணியில இருந்த தமிழ்நாட்டு வீரர் யாரு? செல்வம் கார்த்தி. அரியலூர்க்காரர். அரையிறுதியில ஜப்பானை 5–0ன்னு அடிச்சப்போ அஞ்சாவது கோல் அவரோடது. அவர் ஹாக்கி கத்துக்கிட்டு வளர்ந்தது எங்க? கோவில்பட்டி விளையாட்டு விடுதியில.

17/
அதுக்கு முந்தின வருஷம், 2022 மே, ஜகார்த்தாவுல ஆசியக் கோப்பை. கார்த்தியும் கோவில்பட்டிக்காரர் சக்திவேல் மாரீஸ்வரனும் ஒண்ணா இந்திய அணியில. பாகிஸ்தானோட முதல் மேட்ச் 1–1 டிரா. அந்த ஒரு கோலை அடிச்சது கார்த்தி. அதே மாசம் இங்க கோவில்பட்டியில ஜூனியர் ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப் நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு சின்ன ஊருக்கு இதைவிடப் பெரிய மே மாசம் வராது.

18/
எவ்ளோ சின்ன ஊர்? 2011 கணக்கெடுப்புல நகராட்சி மக்கள் தொகை ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது கடலை மிட்டாய் (2020ல புவிசார் குறியீடு வாங்குச்சு), தீப்பெட்டி, அப்புறம் கரிசல் எழுத்தாளர்கள். ஹாக்கி தெரிஞ்சவங்க மட்டும் இந்த ஊரை "ஹாக்கிப்பட்டி"ன்னு சொல்லுவாங்க.

19/
இந்த ஊர் எப்படி வளர்ந்துச்சு? மானாவாரி கரிசல் பூமி. பருத்தி. 1876ல மதுரைலேர்ந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்துச்சு. கோவில்பட்டி அந்தப் பாதையில இருந்துச்சு. பருத்தி ரயிலேறி துறைமுகம் போகும். 1901ல வேளாண் ஆராய்ச்சி நிலையம். அப்புறம் லாயல் மில், லட்சுமி மில். தண்ணி இல்லாத காட்டுல பிழைக்கத் தீப்பெட்டி ஆபீஸ். ஷிப்டு முடிஞ்சா சம்பளம், சாயங்காலம் கொஞ்சம் ஓய்வு. தொழிலாளர் ஊர்ல ஒரு விளையாட்டு தங்குறதுக்குத் தேவையானது இதுதான்.

20/
வெள்ளைக்காரன் காலத்துல ராணுவம், ரயில்வே, பள்ளிக்கூடம் மூலமா ஹாக்கி நாடு முழுக்கப் போச்சு. பின்னாடி வந்த கிரிக்கெட் நிறைய ஊர்ல அதைத் துடைச்சு எடுத்திருச்சு. கோவில்பட்டியில மட்டும் ஏன் நிலைச்சது? என்னோட பதில்: அங்க ஹாக்கி ஒரு வேலைவாய்ப்பு.

21/
விளையாட்டு ஒதுக்கீட்டுல ரயில்வே, போலீஸ், வங்கி, வருமான வரித்துறைன்னு வேலை. தெருவுல ஒரு அண்ணன் மட்டையோட போய் அரசு வேலையோட திரும்பி வந்தா, அடுத்த பத்து தம்பிங்களுக்கு வேற விளம்பரம் வேண்டாம். அந்த அண்ணன் லீவுல வரும்போது பழைய மட்டையையும் ஷூவையும் கொடுத்துட்டுப் போவாரு. எங்க துறையில கிராமத்துலேர்ந்து முதல் பிள்ளை டாக்டரானா நடக்கிறதும் இதேதான்.

22/
ஆனா இதோட மறுபக்கம் ஒண்ணு இருக்கு. அந்த வேலை எல்லாம் சென்னையில, இல்ல அதைவிடத் தூரத்துல. இருபது வயசுல ஆட்டக்காரர் ஊரை விட்டுப் போயிடறாரு. துறை அணிகள் சென்னை லீக்ல ஆடுது, கோப்பை சென்னைக் கணக்குல சேருது. டீம் ஊர் மாறுறதைப் பத்திப் பேசுறோம். கோவில்பட்டியில பல தலைமுறையா ஆட்டக்காரங்கதான் ஊர் மாறிக்கிட்டு இருக்காங்க.

23/
இந்த மாவட்டத்துக்கு இது புதுக் கதையும் இல்ல. தூத்துக்குடி முத்து உலகம் முழுக்கப் போச்சு. மூச்சடக்கி ஆழத்துல இறங்கினது இந்தக் கரைக்காரங்க. விலை வெச்சதும், மாலையாக் கட்டி விற்றதும், கழுத்துல போட்டுக்கிட்டதும் வேற ஊர். 1961ஓட அரசு நடத்திய முத்துக்குளிப்பும் நின்னு போச்சு. குளிக்கிறவன் கரையில எதுவும் தங்கல.

24/
சரி, உணர்ச்சிய ஓரமா வெச்சுட்டு அந்த நாலு கேள்விய கோவில்பட்டிக்குப் போட்டுப் பாப்போம்.
முதல் கேள்வி: ஆட்டக்காரங்களும் ரசிகர்களும். இதுல முழு மார்க். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு ரயில்வே, வங்கி, பொதுத்துறை அணிகள் வந்து ஆடுற ஊர். கூட்டம் சும்மா கை தட்டிட்டுப் போற கூட்டம் இல்ல. பெனால்டி கார்னர் எப்படிப் போட்டிருக்கணும்னு பக்கத்துல இருக்கிறவர் நமக்கே வகுப்பு எடுப்பாரு.

25/
ரெண்டாவது: மைதானம். கிருஷ்ணா நகர்ல செயற்கைப் புல்வெளி மைதானம் இருக்கு. தேசியப் போட்டிக்குப் போதும். நேரலை, ஆயிரக்கணக்கான இருக்கைன்னு ஒரு தொழில்முறை லீக் கேக்குற அளவுக்குப் போதாது. இன்னொரு சிக்கல் தண்ணி. இந்த மைதானங்கள்ல ஆட்டத்துக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணி தெளிக்கணும். காஞ்ச தரையில விழுந்தா முட்டியும் முழங்கையும் தோல் உரிஞ்சிரும், பந்தும் சரியா ஓடாது.

26/
கோவில்பட்டிக்குக் குடிக்கிற தண்ணியே சீவலப்பேரியிலேர்ந்து குழாய்ல வர்ற தாமிரபரணி. குடத்தோட நிக்கிற ஊர்ல மைதானத்துக்குத் தண்ணி ஊத்துனா யாருக்கும் மனசு வராது. சுத்திகரிச்ச கழிவு நீர், மழைநீர்த் தொட்டின்னு வழிகள் இருக்கு. ஆனா டீம் வர்றதுக்கு முன்னாடி அதைச் செஞ்சாகணும். லீக் நடக்கிறது டிசம்பர் கடைசியிலேர்ந்து ஜனவரி வரைக்கும். வடகிழக்குப் பருவமழை முடியுற நேரம், வெயிலும் தணிஞ்சிருக்கும். உடம்புக்கு ஏத்த சீசன்.

27/
மூணாவது: போக்குவரத்தும் மருத்துவமும். சென்னை–கன்னியாகுமரி ரயில் பாதை, நாலு வழிச் சாலை. தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்துல 2025 ஜூலையில புது முனையம் திறந்தாச்சு; ஓடுபாதையும் 3,115 மீட்டரா நீண்டிருக்கு. நல்ல ஓட்டல்கள்தான் குறைவு. மருத்துவத்துக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலி ரெண்டு பக்கமும் அரசு மருத்துவக் கல்லூரி.

28/
இங்க ஒரு விஷயம் சொல்லணும். 1986ல தூத்துக்குடி தனி மாவட்டமாச்சு. பின்னாடி தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆச்சு. இப்போ மாவட்டத் தலைமை மருத்துவமனை எங்க இருக்கு? மாவட்டத் தலைநகர்ல இல்ல, கோவில்பட்டியில. தேவை எங்க இருக்கோ அங்க ஒரு பெரிய நிறுவனத்தை அரசு வெச்சா யாரும் சிரிக்கிறதில்ல. ஹாக்கின்னா மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

29/
நாலாவது கேள்விதான் கழுத்தப் பிடிக்கும்: பணம். 2024 ஏலத்துல ஒரு ஆண்கள் டீம் வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்ச வரம்பு 4 கோடி ரூபாய். கோவில்பட்டி ஜனங்க ஒரு லட்சம் பேரும் ஆளுக்கு 400 ரூபாய் போட்டா 4 கோடி. கேக்க நல்லா இருக்கு. ஆனா அது ஒரு சீசன் வீரர் சம்பளம் மட்டும். லீக் கட்டணம், பயிற்சியாளர், பயணம், தங்குமிடம், எல்லாம் அதுக்கு மேல. அடுத்த வருஷம் திரும்ப 400 யார் போடுவா?

30/
இப்படி ஊரே சேர்ந்து நடத்துற டீம் உலகத்துல இல்லாமலும் இல்ல. அமெரிக்காவுல கிரீன் பேன்னு ஒரு ஊர். மக்கள் தொகை ஒரு லட்சத்துச் சொச்சம், நம்ம கோவில்பட்டி மாதிரிதான். அங்க 1919ல ஒரு இறைச்சி கம்பெனி சீருடை வாங்கிக் கொடுத்து ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஆரம்பிச்சுச்சு. பணம் தட்டுப்பாடானப்போ 1923ல ஊர்க்காரங்களுக்கே 5 டாலர் பங்கு வித்தாங்க. இன்னிக்குப் பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கு மேல. லாபத்துல பங்கு கிடையாது. டீமை ஊரை விட்டு யாரும் தூக்கிட்டுப் போகவும் முடியாது.

31/
இதைப் படிக்கிறப்போ தூத்துக்குடிக்காரங்களுக்கு ஒரு பேர் ஞாபகம் வந்திருக்கும். 1906. சுதேசிக் கப்பல் கம்பெனி. கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கிற ஓட்டப்பிடாரத்துல பிறந்த வ.உ.சி. 25 ரூபாய் பங்கு 40,000, மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம்னு திட்டம் போட்டாரு. கிரீன் பேக்குப் பதினேழு வருஷம் முன்னாடி!

32/
அது ஏன் நிலைக்கலன்னும் ஞாபகம் வெச்சுக்கணும். எதிர்ல இருந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சு நெருக்குச்சு. அரசாங்கம் அவங்க பக்கம். 1908ல வ.உ.சி. சிறையில, 1911ல கம்பெனி கலைஞ்சு போச்சு. ஊர் கூடி எழுப்புனதைக் காப்பாத்த அரசோட பாதுகாப்பு வேணும். கிரீன் பே மாதிரி இன்னொரு டீமை அந்த லீக்கே இப்போ அனுமதிக்கிறதில்ல. உணர்ச்சி மட்டும் டீமை நடத்தாது.

33/
மதுரையையும் சொல்லாம விட முடியாது. 2025 நவம்பர்–டிசம்பர்ல ஜூனியர் உலகக்கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சு. 24 நாடுகள், ஜெர்மனி சாம்பியன், இந்தியாவுக்கு வெண்கலம். மதுரையில புது மைதானம் தயாரா இருக்கு. விமானம், ஓட்டல் எல்லாம் உண்டு. கோவில்பட்டியிலேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். தெக்கத்தி ஹாக்கிக்கு இப்போதைக்கு நடைமுறையில ஒத்து வர்ற இடம் மதுரைதான்னு ஒத்துக்கணும்.

34/
அப்போ என்னோட தீர்ப்பு? டீமோட பேர்ல ஏற்கெனவே சென்னை இல்ல, தமிழ்நாடுதான் இருக்கு. அதைப் பேர்ல மட்டும் வைக்காம செய்கையிலயும் காட்டட்டும். பெரிய மேட்ச் சென்னையிலயும் மதுரையிலயும் நடக்கட்டும். பயிற்சி முகாமும் ஜூனியர் அணியும் கோவில்பட்டியில இருக்கட்டும். சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டங்களையாவது அங்க வைக்கட்டும். அந்த ஊர்ப் பையன் ஒருத்தனாவது வருஷா வருஷம் அணியில இருக்கணும்னு ஒரு விதி வரட்டும்.

35/
ரூர்கேலாவுல அரசு செஞ்சதை இங்கயும் செய்யலாம். 20,000 இருக்கை வேண்டாம், 5,000 போதும். துறைமுகம், மில்லு, தீப்பெட்டித் தொழில்னு மாவட்டத்துலயே பணம் புழங்குற இடங்கள் இருக்கு. நாலு வருஷத்துக்கு உத்தரவாதம் கொடுத்து, தண்ணிக்கும் வழி பண்ணினா, அப்புறம் கோவில்பட்டிக்கு டீம் கேக்கிறதை யாரும் கிண்டல் பண்ண முடியாது.

36/
ஒரு ஊர்ல டீம் இல்லைன்னா ஒண்ணும் குடி முழுகாது. ஆனா ஆட்டக்காரங்களை வளர்க்கிற ஊர், தன் பிள்ளைங்க ஆடுறதை நேர்ல ஒரு தடவை கூடப் பாக்க முடியாம டிவியிலயே பாத்துக்கிட்டு இருந்தா, ஒரு கட்டத்துல வளர்க்கிறதை நிறுத்திரும். தெருவுல மட்டை கொடுக்கிற அண்ணன் இல்லாம போயிட்டா அப்புறம் சென்னையில எவ்ளோ பெரிய ஸ்டேடியம் இருந்து என்ன பிரயோஜனம்?

37/
கோவில்பட்டி மக்கள், பழைய ஆட்டக்காரங்க யாராவது இதைப் படிச்சா, உங்க தெரு கிளப் பேரையும் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னும் கீழ எழுதுங்க. இந்த ஊரோட ஹாக்கி வரலாறு பெரும்பாலும் வாய்வழியாத்தான் இருக்கு, எழுத்துல ஏறணும்.